பீலி கொதித்த ஞாயிறு

வீரமலை காற்றைப் பார்த்துத்தான் எதையும் செய்வார். நெருப்புக்குச்சியை உரசுவதற்கு முன் மூக்கை உயர்த்தி ஒரு தடவை மோந்துகொள்வார். யாருடனாவது நின்று பேசினால், காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வார். மனைவி பாக்கியலெட்சுமிக்கு இது பழகிவிட்டது. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நின்ற தோட்டத்து லயத்தில் மற்றவர்களுக்குப் பழகவில்லை.

"கப்பக்காரரு மோப்பம் புடிக்கிறாரு" என்பார்கள்.

அவர் கப்பலில் வேலை செய்தவர் அல்ல. கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு மேடையில் வேலை செய்தவர். மேடையிலிருந்து கடலடியைத் துளைத்து எண்ணெய் தேடுவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் லயம் அதை ஏற்கவில்லை. கடலில் இருந்தால் கப்பல்தான்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் பிறந்தவர். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். எப்படியோ அது கிடைத்தும்விட்டது. லயத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று தெரியாமல் காத்திருந்த காலத்தில், வீரமலையால் பாஸ்போர்ட் எடுக்க முடிந்தது. அப்போது அவர் பதுளைக் கடைவீதியில் இப்றாஹீம் முதலாளியின் இரும்புக்கடையில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் விற்பவர். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று எழுபத்தைந்தில் எழுதினார். வீரமலை போனார். கொஞ்சக் காலம் அவருடைய சாமான் கிட்டங்கியில் இருந்தார். பிறகு கிட்டங்கிக்கு வந்துபோகிறவர்களைப் பிடித்து மேடைக்குப் போனார்.

மேடை சுமாத்திராவுக்குக் கிழக்கே நின்றது. வானம் தெளிந்த காலைகளில் மேற்கே தீவின் மலைவரிசை தெரியும். ஊர் மலையான நமுனுகலையைப் பத்துப் பதினைந்து தடவை வரிசையாக வைத்தது போல இருக்கும். ஒன்றிரண்டு மலைகளின் உச்சியில் புகை. மலைக்கு அந்தப் பக்கம் நிலம் நடுங்கும், இந்தப் பக்கம் எண்ணெய் வரும் என்று கூட வேலை செய்த ஒரு சுமாத்திராக்காரர் சொன்னார். ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியாது. அவர்கள் இருவருடைய வேலையும் குழாய்களை நகர்த்துவதும் தளத்தைக் கழுவுவதும்தான்.

எழுபத்தொன்பதில் ஒருநாள் காலை, மேடையின் கால் ஒன்றின் அருகே கடலில் குமிழிகள் வந்தன. சின்னக் குமிழிகள். வீரமலை பார்த்தார். மேற்பார்வையாளரும் எட்டிப் பார்த்தார். காற்றுதான், இரும்புக் காலை ஊன்றும்போது அடியில் சிக்கியிருக்கும் என்றார். வேலை நடந்தது. மத்தியானம் கடல் வெள்ளையாகப் பொங்கியது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததை வீரமலை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாக்கியலெட்சுமிக்குத் தெரிந்தது இவ்வளவு: இவர் கடலில் குதித்தார். சமையலறையில் இருந்தவர்கள் குதிக்கவில்லை.

அடுத்த வருடம் ஊருக்கு வந்துவிட்டார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திர அறையில் வேலை கிடைத்தது. கலியாணம் ஆயிற்று.

எண்பத்திரண்டில் ஆனி பிறந்ததிலிருந்து மழை இல்லை. ஆவணியிலும் வறண்ட கச்சான் காற்றுதான் அடித்தது. மேல்கணக்கின் லயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பீலி. மலைச்சரிவில் ஊறும் தண்ணீரை ஒரு தகரத்தின் வழியாக வெளியே இறக்கியிருந்தார்கள். அது விழும் இடத்தில் ஒரு குட்டை. குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். அந்த ஆவணியில் தகரத்திலிருந்து நூல் போலத்தான் தண்ணீர் விழுந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம். பெண்கள் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, குடத்தோடு பள்ளத்தில் ஓடும் ஓயாவுக்கு இறங்கினார்கள். போவது இறக்கம். வருவது ஏற்றம். ஏற்றத்தில்தான் குடம் நிறைந்திருக்கும்.

தோட்டங்களில் குழாய்க் கிணறு தோண்டப் பதுளைக்கு ஒரு லொறி வந்திருக்கிறது என்று கேட்டதும், வீரமலைதான் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடந்தார். ஒரு தடவை அல்ல. போனால் ஒரு வாங்கைக் காட்டுவார்கள். உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். கடைசியில் மேல்கணக்கையும் முறையில் சேர்த்தார்கள். ஒரு சனியும் ஞாயிறும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் திங்கள் காலை லொறி பசறைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அம்பலவாணர் வந்தார். நிலத்தடி நீர் பார்க்கும் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தவர், பதுளையில் தனியாக அறை எடுத்து இருந்தார். சரிவில் தெரிந்த பாறைகளை எல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, நடு லயத்துக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டினார். கல்லுக்குள்ளே ஒரு வெடிப்பு இந்தப் பக்கமாக ஓடுகிறது, அதைப் பிடித்தால் தண்ணீர் என்றார்.

சனிக்கிழமை லொறி வேலையைத் தொடங்கியது. துளைக்கிறவர் நஸீர், பதுளைக்காரர். லொறிக்குப் பக்கத்தில் காற்று அடிக்கும் இயந்திரம் ஒன்று. அது குழாய் வழியாகக் கீழே காற்றை அடிக்க, அந்த வேகத்தில் சம்மட்டி கல்லை இடிக்கும். உடைந்த கல் தூளாகி, அதே காற்றில் மேலே பறந்து வரும். வீரமலைக்குப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே நின்றார். கடலில் சேற்றைக் கரைத்து அடிப்பார்கள், இங்கே வெறும் காற்று. மற்றபடி எல்லாம் ஒன்றுதான் என்று நஸீரிடம் சொன்னார்.

"சம்பளம் ஒண்ணு இல்ல அண்ணே" என்றார் நஸீர்.

ஞாயிறு, சம்பளத்துக்கு மறுநாள். கீழ்லயத்தில் ஆடு அடித்திருந்தார்கள். எல்லாக் காம்பராவிலும் பங்கு வாங்கியிருந்தார்கள். லயத்தின் கூரைகளுக்கு மேல் புகையும் மசாலா வாசமும் நின்றன. கல் தூளும் பறந்துகொண்டிருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தூள் மேலே வருவது நின்றது. சம்மட்டி இடிக்கிறது, காற்றும் போகிறது, ஆனால் திரும்பவில்லை.

"வெடிப்பைப் புடிச்சிட்டோம்" என்றார் நஸீர். "காத்து அதுக்குள்ள பூந்து எங்கயோ போகுது. இன்னும் கொஞ்சம் போனா தண்ணி." இயந்திரத்தை இன்னும் வேகமாக விட்டார்.

அப்போதுதான் கீழே பீலியிலிருந்து கருப்பம்மாவின் குரல் கேட்டது. கருப்பம்மா அடுத்த காம்பரா. குரல் இயந்திரச் சத்தத்தையும் தாண்டும்.

"ஏய், பீலி கொதிக்குதுடி! ஓடியாங்கடி!"

துணி துவைத்துக்கொண்டிருந்தவள் முழங்காலளவு தண்ணீரில் நின்று சிரித்தாள். "வெறகில்லாம சுடுதண்ணி! தொர பங்களாவுலகூட இப்புடிக் கெடையாது. குளிக்கிறவ எல்லாம் வாங்கடி!"

வீரமலை இறங்கிப் போனார். குட்டையில் மூன்று இடத்தில் குமிழிகள் எழுந்தன. கையை விட்டார். தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. குனிந்தபோது நாற்றம் மூக்கில் அடித்தது. அழுகிய முட்டை நாற்றம்.

அந்த நாற்றத்துக்கு மேடையில் தனியாகப் பாடம் எடுத்திருந்தார்கள். மோந்தால் ஓடு. காற்று வரும் பக்கமாக ஓடு. நாற்றம் நின்றுவிட்டால் சந்தோஷப்படாதே, உன் மூக்கு செத்துவிட்டது.

"கருப்பம்மா, மேல வா" என்றார்.

"துணி கெடக்கு."

"துணி கெடக்கட்டும். வா!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டுவிட்டு, லொறியை நோக்கி ஓடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டினார். மேடையில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் சைகை. நஸீருக்கு அது தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன அண்ணே? ஆருக்கும் அடிபட்டுச்சா?"

"கேஸ். பீலியில கேஸ் வருது."

"கேஸா? நம்ம காத்தாத்தான் இருக்கும் அண்ணே. மேல வராதது அங்க போய் வருது."

"நிப்பாட்டிட்டேல்ல. வா, வந்து பாரு."

இதற்கு மேடையில் ஒரு வழக்கம் உண்டு. குமிழி கண்டால் முதலில் பம்பை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் துளை அடங்கினால், வந்தது பம்பின் வேலை. நிறுத்திய பிறகும் பொங்கினால், வருவது பூமிக்குள்ளிருந்து. அன்றைக்குச் சுமாத்திராவில் இதைச் செய்யாமல்தான் காற்று என்று சொன்னார்கள்.

இருவரும் குட்டை அருகே நின்று பார்த்தார்கள். இயந்திரம் அடங்கிவிட்டது. மலை முழுக்க அமைதி. குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

நஸீர் மேலே லொறியைத் திரும்பிப் பார்த்தார்.

வீரமலைக்கு அப்படியே உட்காரத்தான் தோன்றியது. ஆனால் தலையைத் தூக்கினால் கூரைகளின் மேல் புகை. ஒவ்வொரு காம்பராவிலும் ஓர் அடுப்பு.

முதலில் தன் காம்பராவுக்குத்தான் ஓடினார். பாக்கியலெட்சுமி கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூலையில் ஓயாவிலிருந்து அவள் சுமந்து வந்த தண்ணீர் ஒரு குடம். அதைத் தூக்கி அடுப்பில் ஊற்றினார். சாம்பல் எழும்பிச் சட்டிக்குள் விழுந்தது.

அவள் சட்டியைப் பார்த்தாள். வெறும் குடத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கடல்ல வந்தது இங்கயும் வந்திருச்சு" என்றார் அவர்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

வீரமலை லயத்தின் வாசலெல்லாம் கத்திக்கொண்டு போனார். அடுப்பை அணைங்க, விளக்கை அணைங்க, பீடியை அணைங்க, எல்லாரும் கோயில் மேட்டுக்குப் போங்க. மாரியம்மன் கோயில் மேடு காற்று வரும் பக்கம் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி மிதித்தார். அவர் கோபப்படவும் மறந்து, வாயைத் திறந்தபடியே இருந்தார்.

கருப்பம்மா தன் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எழவு வுழுந்த வீட்டுலதான்யா அடுப்பணைப்பாங்க. இன்னிக்கு எந்த வீட்டுல எழவு?"

"அணைக்காட்டி எல்லா வீட்டுலயும்."

"அம்மாடி! கப்பக்காரரு சாபம் வுடுறாரு பாருங்கடி. கறி வேகட்டும், பெறகு சாவோம்."

பாக்கியலெட்சுமி வந்தாள். கருப்பம்மாவைத் தாண்டி உள்ளே போய் விறகை இழுத்து வெளியே போட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"ஏண்டி, நீயுமா?"

"அவரு தூக்கத்துல கத்துறத நீ கேட்டதில்ல அக்கா. நான் தெனம் கேக்குறேன். நட."

கருப்பம்மா நடந்தாள். வேகாத கறிச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தோட்டத்து ஆபீசிலிருந்து பதுளையில் இருக்கும் அம்பலவாணருக்குத் தொலைபேசியில் சொல்ல நஸீர் ஆள் அனுப்பினார். கோயில் மேட்டில் மேல்கணக்கே உட்கார்ந்திருந்தது. கச்சான் காற்று புடவைகளை அடித்தது. முதலில் பயமும் குசுகுசுப்பும். பிறகு பசி. பசி வந்ததும் பேச்சு வந்தது.

"எண்ணெ எடுத்தா நம்மள எல்லாம் எங்க கொண்டுபோயி வுடுவாங்க?"

"உன்னைய இந்தியாவுக்கு. எண்ணெய அமெரிக்காவுக்கு."

"லயம் வெடிச்சா தொர புதுசு கட்டித் தருவாராமா?"

"இருக்கிறதுக்கே ஓடு மாத்தித் தரல."

நஸீர் வீரமலையைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "அண்ணே, அம்பலவாணர் ஐயா வந்து மூடச் சொன்னா மூடிருவோம். ஆனா நாளைக்கு நாங்க பசறைக்குப் போயிருவோம். திரும்ப இந்தப் பக்கம் முறை எப்ப வருமோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

"தெரியும்."

"நீங்கதானே நடையா நடந்து கொண்டாந்தீங்க."

"தெரியும் தம்பி."

கருப்பம்மாவின் காதுக்கு இது எட்டியது. அவள் இப்போது சிரிக்கவில்லை. "கொண்டாந்த ஆளே திருப்பி அனுப்பப் போறாரா? அப்ப இனியும் ஓயாவா? பாக்கியம், ஒம் புருசங்கிட்டக் கேளு. நாம ஓயாவுல எறங்கி ஏறியே சாவுறதா, இல்ல வெடிச்சே சாவுறதான்னு கேளு."

பாக்கியலெட்சுமி கேட்கவில்லை. வீரமலை ஆலமரக் கிளையில் யாரோ கட்டியிருந்த சிவப்புத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயத் தொடங்கும்போது ஜீப் வந்தது. அம்பலவாணர் வீட்டுச் சட்டையோடு வந்திருந்தார். பகல் சாப்பாட்டிலிருந்து எழும்பி வந்தவர் போல இருந்தது. வீரமலையின் சுமாத்திரா வேலை வரை நஸீர் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு வீரமலையுடன் பீலிக்கு இறங்கினார். காற்றுப் பக்கமாகச் சுற்றி இறங்க வேண்டும் என்று வீரமலை சொன்னார். அம்பலவாணர் மறுக்கவில்லை.

குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அம்பலவாணர் குனிந்து மோந்தார்.

"மணம் மெய்தான்" என்றார். கரையில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "சுமாத்திராவில எந்தப் பக்கம் நிண்டனீர்?"

"கெழக்குக் கடல்லங்க. மலைக்குப் பின்னால."

"அதுதான் இடம். மலைக்கு முன்னால நிண்டிருந்தால் உமக்கு இந்தப் பயமே வந்திராது." சுள்ளி ஒன்றை எடுத்துத் தரையில் வளைவாக ஒரு கோடு போட்டார். "தீவுக்கு மேற்கால கடலடி நிலம் தீவுக்குக் கீழ சறுக்கிக்கொண்டு போகுது. அந்த ஆழத்தில கல்லு உருகி மேல வாறதுதான் எரிமலை. எரிமலையள் இப்பிடி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். வில்லுக்குப் பின்பக்கம் நிலம் இழுபட்டு மெலியும். மெலிஞ்சால் தாழும். தாழ்ந்த பள்ளத்துக்குள்ள ஆறுகள் சேத்தைக் கொண்டந்து கொட்டும். பாசியும் இலையும் அதோட புதைஞ்சு போகும். நிலம் மெல்லிசு எண்டபடியால் கீழ இருக்கிற சூடு நல்லா ஏறும். அந்தச் சூட்டில அவிஞ்சுதான் எண்ணெயும் வாயுவும் வாறது. பின்வில் படுகை எண்டு நாங்கள் எழுதுவம்."

"அத்தன வருசம் அது மேலதாங்க நின்னேன். யாரும் சொல்லல."

"இஞ்ச வில்லும் இல்லை, பள்ளமும் இல்லை. உந்த மலை முழுக்கப் பழைய கல்லு. உலகத்தில மரம் செடி வாறதுக்கு முந்தியே புதைஞ்சு, வெந்து, இறுகி, திரும்ப மேல வந்த கல்லு. அதுக்குள்ள அவியிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. இது நாங்கள் அடிச்ச காத்துத்தான்."

வீரமலை எழுந்துவிட்டார். "அங்கயும் இப்புடித்தாங்கய்யா சொன்னாங்க. காத்துதான்னு."

அம்பலவாணர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னவரும் படிச்சவருதாங்க. நீங்க சொல்றது சரியா இருக்கும். ஆனா மிசினை நிப்பாட்டி இவ்வளவு நேரமாச்சு. இன்னும் வருதே. நிப்பாட்டியும் வந்தா அது பூமியில இருந்து வர்றது. அதுதாங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

அம்பலவாணர் சுள்ளியைக் கீழே போட்டார். கோபப்படவில்லை.

"அது அங்க சரி. நீங்கள் அடிச்சது சேறு. சேறு பம்போட நிண்டுவிடும். நாங்கள் அடிக்கிறது காத்து. காத்தைக் கல்லு வெடிப்புக்குள்ள அமத்தி அடைச்சால், விட்ட பிறகும் அது கனநேரம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். சைக்கிள் ரியூப்பில சின்ன ஓட்டை மாதிரி." அவர் கல்லில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "என்னை நீர் நம்ப வேண்டாம். குமிழியைப் பாரும். பூமிக்குள்ள இருந்து வந்தால் அது குறையாது. எங்கட காத்தெண்டால் முடிஞ்சுபோம். இருந்து பாப்பம்."

இருந்து பார்த்தார்கள். வீரமலை நின்றே பார்த்தார். மேலே கோயில் மேட்டில் எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை பசிக்கு அழுதது.

மூன்று இடங்களில் கரையோரமாக இருந்தது முதலில் மெலிந்தது. குமிழி நின்று நின்று வந்தது. பிறகு வரவில்லை. வீரமலை அதை நம்பவில்லை. மற்ற இரண்டும் வந்துகொண்டிருந்தன. ஒன்று இன்னும் கூடியது போலவும் இருந்தது. கூடவில்லை, முதலாவது நின்றதால் அப்படித் தெரிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது, பீடி புகைப்பவர் விடும் புகை போல விட்டுவிட்டு வந்தது. மரங்களின் நிழல் குட்டையைத் தொட்டது. இரண்டாவதும் நின்றது.

நடுவில் ஒன்று மட்டும். ஒரு குமிழி. நீண்ட இடைவெளி. இன்னொரு குமிழி. அம்பலவாணர் வாட்சைப் பார்க்கவில்லை. வீரமலை இன்னும் குனிந்தார். இன்னொரு குமிழி மெல்ல வந்து, மேலே சிறிது நேரம் உடையாமல் நின்று, உடைந்தது. அவர்கள் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

அடுத்தது வரவில்லை.

தகரத்திலிருந்து நூல் போல விழும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"நாத்தம்?" என்றார் வீரமலை. "நாத்தம் இருக்கேங்கய்யா."

"அதுக்கு நீர்தான் பதில் சொல்ல வேணும். இந்தக் குட்டையைக் கடைசியாக எப்ப சேறு அள்ளி வாரினீங்கள்?"

வீரமலைக்கு நினைவில்லை. யாருக்கும் நினைவிருக்காது. கரையில் கிடந்த தேயிலை மிலாறுக் குச்சி ஒன்றை எடுத்தார். குமிழியே வராத மூலைக்குப் போய், தண்ணீருக்குள் விட்டுக் கிண்டினார். அடியிலிருந்து கருப்பாக வண்டல் எழும்பியது. வருடக்கணக்காக விழுந்து அழுகிய இலை, சோற்றுப் பருக்கை, துணிச் சாயம். கூடவே அதே முட்டை நாற்றம். கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

அவர் மிலாற்றைப் பிடித்தபடி நின்றார்.

"இது எங்க நாத்தந்தானுங்க" என்றார்.

அம்பலவாணர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனாலும் இயந்திரத்தைத் திரும்ப முடுக்க வேண்டும். அம்பலவாணர் நஸீரைப் பார்க்கவில்லை, வீரமலையைப் பார்த்தார். "நீர்தான் நிப்பாட்டினீர். நீரே சொல்லும்."

வீரமலை மேட்டைப் பார்த்தார். பாக்கியலெட்சுமி முன்வரிசையில் நின்றாள். லொறிக்குப் பக்கத்தில் நஸீர் கையை இயந்திரத்தின் மேல் வைத்துக் காத்திருந்தார். வீரமலை கையை உயர்த்தி வட்டமாகச் சுற்றினார். இந்தச் சைகை நஸீருக்குப் புரிந்தது.

இயந்திரம் கத்தியது. வெடிப்புக்குள் காற்று நிரம்பச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு குட்டையில் அதே மூன்று இடங்களில் குமிழிகள் எழுந்தன. கருப்பம்மா விட்டுப்போன சாமான்களில் ஒரு பால் டின் இருந்தது. வீரமலை அதில் தண்ணீர் நிரப்பி, நடுக்குமிழிக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தார். குமிழிகள் உள்ளே ஏறி, தண்ணீரைத் தள்ளி டின்னை நிரப்பின. வாயைக் கையால் பொத்தி எடுத்துவந்து, கரையில் தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்தார்.

"நெருப்புப்பெட்டி இருக்கா?" என்று அம்பலவாணர் பையைத் தடவினார்.

"நான் பாத்துக்கிறேன். நீங்க அந்தப் பக்கமாப் போங்க."

"எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எனக்காகப் போங்கய்யா."

அம்பலவாணர் தள்ளிப் போய் நின்றார். வீரமலை குச்சியை உரசி, கையை எட்ட நீட்டி, டின் வாயருகே கொண்டுபோனார். பிறகு உள்ளேயே விட்டார். சுடர் சும்மா எரிந்தது. நீலமாகவில்லை. குதிக்கவில்லை. விரலைச் சுடும் வரை எரிந்துவிட்டு அணைந்தது.

அவர் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் அழுவது போலத்தான் தெரிந்தது. பாக்கியலெட்சுமி இறங்கி ஓடிவந்தாள். பக்கத்தில் வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணும் ஒழுகியது.

"ஒண்ணும் இல்ல பாக்கியம்" என்றார். "கீழ ஒண்ணுமே இல்ல."

அவள் அவர் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். "ஒரு கொடம் தண்ணி. ஒரு சட்டிக் கறி."

கருப்பம்மா மேட்டிலிருந்தே அறிவித்தாள். "கேஸு செத்துப்போச்சுடி! வாங்கடி, அடுப்ப மூட்டுங்கடி! எழவு நம்ம வீட்டுல இல்ல, ஆட்டு வீட்டுலதான்!"

கூரைகளின் மேல் மறுபடியும் புகை எழுந்தது. கறி அரைவேக்காட்டில் நின்று திரும்ப வெந்ததால் ரப்பர் போல இருந்தது. எல்லோரும் தின்றார்கள். நஸீருக்கும் அம்பலவாணருக்கும் கோப்பையில் வந்தது. அம்பலவாணர் ஒரு துண்டை நெடுநேரம் மென்றார். நல்லாயிருக்கு என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் வந்தது. முதலில் துளையிலிருந்து ஈரத் தூள். பிறகு சாம்பல் நிறச் சேறு. பிறகு காற்றோடு கலந்து லயத்துக் கூரை உயரத்துக்கு அடித்தது. பெண்கள் குடத்தைத் தேடவில்லை, அப்படியே அதன் கீழே போய் நின்றார்கள். கருப்பம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். கல்மாவு படிந்து எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். நஸீர் இயந்திரத்தை நிறுத்த மனமில்லாமல் தேவைக்கு மேல் ஓடவிட்டார்.

அம்பலவாணர் ஜீப்பில் ஏறும்போது வீரமலை கையெடுத்துக் கும்பிட்டார்.

"உது எனக்குப் புதுசு" என்றார் அம்பலவாணர். "நிலத்துக்குக் கீழ ஒண்டுமில்லை எண்டு சொன்னால், எல்லா இடத்திலயும் என்னைத் திட்டித்தான் அனுப்புறவை. இரத்தினம் இல்லையோ, பொன் இல்லையோ, நல்லாப் பாத்தனீரோ எண்டு கேப்பினம். கும்பிட்டது நீர் ஒராள்தான்."

"நெசமாவே ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்டும் இல்லை."

"இன்னொரு தடவ சொல்லுங்கய்யா."

"ஒண்டுமே இல்லையப்பா" என்றார் அம்பலவாணர். ஜீப் இறங்கிப் போயிற்று.

அடுத்த வாரம் மேல்கணக்கு ஆண்கள் சேர்ந்து பீலிக் குட்டையை வாரினார்கள். வண்டலைக் கூடையில் அள்ளிக் காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போகத்தில் போஞ்சி நன்றாகக் காய்த்தது என்று சொல்வார்கள்.

லொறிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று நஸீர் சொல்லி அனுப்பினார். வீரமலை இயந்திர அறை வேலையை விட்டுவிட்டு லொறியோடு போனார். பசறை, லுணுகலை, எல்ல ஊர்ப் பக்கம், அப்புத்தளை. போகும் இடமெல்லாம், துளைக்கத் தொடங்குவதற்கு முன் பக்கத்துப் பீலிகளையும் கிணறுகளையும் வாரச் சொல்வார். எதற்கு என்று கேட்டால், சுத்தம் என்பார். தூக்கத்தில் கத்துவது உடனே நிற்கவில்லை. குறைந்தது. கார்த்திகையில் அடைமழை பெய்தபோது, போன வாரம் முழுக்க அவர் கத்தவே இல்லை என்று பாக்கியலெட்சுமி கருப்பம்மாவிடம் சொன்னாள்.

எல்லவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இரண்டு நாளாகத் துளைத்தும் ஈரம் வரவில்லை. அந்தத் தோட்டத்துக் கங்காணி நாற்காலியைத் துளைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். பொறுமை போய்விட்டது.

"என்னப்பா இருக்கு அடியில?"

"கல்லுங்க."

"அதுக்குக் கீழ?"

"கல்லு."

"அதுக்கும் கீழ?"

"அதுக்கும் கீழ கல்லுதாங்க" என்றார் வீரமலை. "எவ்வளவு தூரம் போனாலும் கல்லுதான்."

"தண்ணி வராம நீ என்னய்யா இப்புடிச் சிரிக்கிற?" என்று கங்காணி எரிந்து விழுந்தார்.

"தண்ணி வருங்க. வரும்" என்று சொல்லிவிட்டு, வீரமலை அடுத்த குழாயை மாட்டப் போனார்.